தரை தொட்ட பிறகு

உடன்குடி,
6-10-1963

அத்தான் அவர்களுக்கு பிச்சம்மாள் எழுதிக்கொள்வது.

நான் உங்களுக்கு எழுதுவேன்னு நீங்க நெனச்சிருக்க மாட்டீங்க. நானும் நெனைக்கல. உங்க தம்பிக்கு வாக்கப்பட்ட நாள்லேருந்து உங்க முன்னால வந்து நின்னு ஒரு வார்த்தை பேசினது கிடையாது. புருசனோட அண்ணன் வந்தா கதவுக்குப் பின்னால போயிரணும்னு சொல்லி வளத்துட்டாங்க. காயிதத்துக்குக் கதவு இல்ல. அதான் எழுதுதேன்.

பதினாறாம் நாள் பந்தல்ல நீங்க எந்திரிச்சு நின்னு என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா அத்தான்? "உள்ள இருக்கவகிட்ட கேளுங்க, அவ என்ன எழுதினான்னு கேளுங்க. அந்தக் காயிதம் வந்த அந்த வாரம்தான் எந்தம்பி செத்தான்"னு சொன்னீங்க. ஊரே கேட்டுது. நான் மூலையில தலைவிரி கோலமா உக்காந்திருந்தேன். எல்லாரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. அன்னையிலேருந்து இந்தத் தெருவுல ஒரு வீட்டுப் படி நான் மிதிச்சது இல்ல. தண்ணிக்குப் போனா, "எழுதியே புருசனைக் கொன்னவ வாரா"ன்னு காதுபடச் சொல்லுதாளுக. எங்கப்பா ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஆனா பாப்பாரு. அது அதவிடக் கொடுமையா இருக்கு.

நான் எழுதினதை நானே சொல்லுதேன், ஒளிக்க ஒண்ணும் இல்ல. பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச் சொல்லி ஏமாத்துனாக. வாரம் பூரா உங்க கருப்பட்டிக் கடை, ஞாயித்துக்கிழமை ஆனா ஏரோப்ளேன் ஓட்டப் படிக்கப் போயிருவாக. பிள்ளை கனகவள்ளி காய்ச்சல்ல கண்ணு செருகிக் கெடந்தப்பக்கூட வரல. "உங்களுக்கு ஏரோப்ளேன்தான் பொண்டாட்டின்னா அதோடயே இருந்துக்கிடுங்க, இனி என் முகத்துல முழிக்காதீங்க"ன்னு எழுதினேன். கோவத்துல எழுதினதுதான். எந்தப் பொண்டாட்டிதான் எழுத மாட்டா?

இப்ப நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. நல்லபடியாத் தரையில எறங்கி ஓடிட்டிருந்த ஏரோப்ளேன்ல அவுக ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாகன்னு சொல்லுதாங்களே, அது நெசமா? யாரு பாத்தா? வேணும்னே விட்டாகளா? தெரிஞ்சா தெரியும்னு எழுதுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. தெரியாம பந்தல்ல எந்திரிச்சிருந்தா அதையும் எழுதுங்க. நாளைக்கு இந்தப் பிள்ளை வளந்து, எங்கப்பா எப்படிச் செத்தார்னு கேப்பா. நான் என்ன சொல்ல?

பிச்சம்மாள்


தாராவி, பம்பாய்-17
20-10-1963

பிச்சம்மாளுக்கு நயினார் எழுதிக்கொண்டது. இப்பவும் உன் காயிதம் கிடைத்து விவரம் அறிந்தேன்.

உனக்கு எப்படி ஆரம்பிச்சு எழுதுறதுன்னு தெரியாம இன்லண்டு லெட்டரை வாங்கி வாங்கிக் கிழிச்சேன். சரக்குக்கு எழுதித்தான் எனக்குப் பழக்கம். தப்பா இருந்தா பொறுத்துக்க.

அன்னிக்கு நான் அங்க இல்ல. ஞாயித்துக்கிழமை, கடையில லாரி வந்து நிக்குது. பாத்தவர் அவனுக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியார், சந்திரமௌலின்னு மாதுங்கா ஐயர். அவனை விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். சிவனாண்டி அன்னிக்குத் தனியா ஓட்டியிருக்கான். வாத்தியார் ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கார். மூணு சக்கரமும் ஒண்ணாத் தரையைத் தொட்டுதாம். அவ்வளவு அழகா எறக்கினான்னு அவரே சொன்னார். கொஞ்சதூரம் நேரா ஓடியிருக்கு. அப்ப ரெண்டு கையும் மேல வந்திருக்கு. மூடி இல்லாத வண்டி அது, உள்ள இருக்கவன் நெஞ்சுக்கு மேல வெளிய தெரியும். அவர் கத்தியிருக்கார். வண்டி வாலைச் சுத்திக்கிட்டு அப்படியே ஓரத்துக் கால்வாய்ல எறங்கிக் கவுந்து தீப்பிடிச்சுட்டு. மிச்சம் உனக்குத் தெரியும். பெட்டியைத் திறக்கவே நாங்க விடலியே.

வேணும்னே விட்டானான்னு கேக்க. எனக்கு வேற எப்படித் தோணும் சொல்லு? வானத்துலேருந்து பத்திரமா வந்து சேந்தவன் தரையில ஓடும்போது கையை விடுவானா? அதான் கேட்டேன். கேட்டது கேட்டதுதான், வாபஸ் வாங்கப் போறதில்ல. ஆனா தெரியுமா தெரியாதான்னு நீ கேட்டதுக்கு நேரா பதில் சொல்றேன். தெரியாது.

தெரியாதுன்னு எழுதிட்டுக் கடையில உக்காந்திருக்கவும் முடியல. மீசை அரும்புறதுக்கு முன்னாடி அவனை இங்க கூட்டிட்டு வந்து, தராசுப் பக்கத்துல உக்கார வச்சு, தொழில் சொல்லிக் குடுத்து ஆளாக்கினவன் நான். அப்பன் இல்லாத பய. அவன் எப்படிச் செத்தான்னு நான் தெரிஞ்சுக்காம யாரு தெரிஞ்சுக்குவா?

அதனால ஒரு காரியம் செஞ்சிருக்கேன். ஜூஹுவில அவன் படிச்ச அதே ஏரோப்ளேன் கிளப்புல போய்ப் பேர் குடுத்துட்டேன். ஐயர் முதல்ல மாட்டேன்னார். "உங்களுக்கு நாப்பது வயசாகப் போறது, இதெல்லாம் வேண்டாம்"னார். "எந்தம்பியத் தனியா அனுப்பினீங்கல்ல, என்னையும் அனுப்புங்க"ன்னேன். அவர் நோட்டைத் திறந்து என் பேரை எழுதிக்கிட்டார். அடுத்த ஞாயிறு வரச் சொல்லிட்டார். அதே மாதிரி வண்டியை நானே எறக்கிப் பாத்துட்டு உனக்கு எழுதுறேன்.

நயினார்


உடன்குடி,
2-11-1963

அத்தான்,

உங்களுக்கு என்ன, புத்தி கித்தி பேதலிச்சுட்டா? காயிதத்தைப் படிச்சிட்டு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் என்ன கேட்டேன், நீங்க என்ன செஞ்சிட்டு வந்து நிக்கீங்க! தெரியாதுன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. அதுக்கு ஏரோப்ளேன்ல ஏறணுமா?

வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா இது? தெரியாதுன்னுதான் நெனைக்கேன். தெரிஞ்சிருந்தா உங்களைக் கடையை விட்டு வெளிய விட்டிருக்க மாட்டா. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, அதுக்கும் நான் எழுதின காயிதம்தான் காரணம்னு பந்தல்ல இன்னொருத்தர் எந்திரிப்பாரு. ஒரு வீட்டுல ரெண்டு பேரைக் காயிதம் எழுதிக் கொன்னவன்னு எனக்குப் பேர் வரும். அந்தப் பேர் எனக்கு வேண்டாம்.

இப்படியெல்லாம் எழுதிட்டு, போகாதீங்கன்னு எழுத வரல அத்தான். எழுதணும்னுதான் பேனாவை எடுத்தேன். பாவி மனசு கேக்க மாட்டேங்கு. எனக்குத் தெரியணும். ராவும் பகலும் அந்த ரெண்டு கைதான் கண்ணு முன்னால நிக்கி. போய்ப் பாருங்க. பாத்ததை மறைக்காம எழுதுங்க. ஆனா ஒண்ணு, இந்தப் பொம்பளை பாவம்னு நெனச்சு எனக்கு ஆறுதலா எதையாவது எழுதிறாதீங்க. ஆறுதல் சொல்லுறவங்க இங்கயே நெறய பேர் இருக்காங்க, ஒருத்தர் சொல்லுறதும் எனக்கு ஒட்டல.

பிச்சம்மாள்


தாராவி, பம்பாய்-17
12-1-1964

பிச்சம்மாளுக்கு நயினார் எழுதிக்கொண்டது. பொங்கல் சமயம், கடையில தலைக்கு மேல வேலை. ஆனாலும் இதை இன்னிக்கே எழுதிரணும்.

உங்க அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சு. சட்டையில எண்ணெய் வாசனை, பெட்ரோல் வாசனை. ரெண்டு நாள் சோறு போடல. அப்புறம் என்ன நெனச்சாளோ, ஞாயித்துக்கிழமை காலையில டிபன் கட்டிக் குடுத்துட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. இப்ப வரைக்கும் அப்படித்தான் நடக்கு. மாஹிம்ல லோக்கல் பிடிச்சு, பார்லாவுல எறங்கி, பஸ் ஏறிப் போறேன்.

அந்த வண்டியை நீ பாத்ததில்லையே. வெள்ளைக்காரன் காலத்து வண்டி, டைகர் மாத்னு பேரு. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெட்டை இறக்கை. இறக்கை பூரா துணிதான் பிள்ளை, துணிக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி. முன்னால ரெண்டு சக்கரம், வாலுக்கடியில குட்டியா ஒரு சக்கரம். பிரேக்குனு ஒண்ணு கிடையவே கிடையாது. முன்சீட்டுல ஐயர், பின்சீட்டுல நான். தோல் தொப்பிக்குள்ள ஒரு ரப்பர் குழாய் வச்சு, அது வழியா என் காதுல பேசிக்கிட்டே வருவார். சிவனாண்டியும் இதே மாதிரி பின்சீட்டுலதான். தனியாப் போனாலும் பின்சீட்டுதானாம். முன்சீட்டு காலியாக் கெடக்கும்.

மேல போறது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல. அங்க இடிக்கிறதுக்கு என்ன இருக்கு? எறங்குறதுலதான் உயிர் இருக்கு. மூக்கு முன்னால நிமிந்து தரையை மறைச்சிரும், பக்கவாட்டுலதான் பாத்துக்கிடணும். இஞ்சின் சத்தம் அடங்கிரும். தரைக்கு ஒரு ஆள் உசரத்துல வந்ததும், ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு கம்பு இருக்கு பாரு, அதை வயித்தைப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். எறங்க விடாம எறங்க விடாமப் பிடிக்கணும். அது முரண்டு பிடிச்சு, தானாச் சோந்து போய் உக்காரும். மூணு சக்கரமும் ஒண்ணா உக்காந்தா நல்ல எறக்கம்.

உக்காந்ததோட முடிஞ்சிட்டுன்னு நாம நெனைப்போம். அங்கதான் ஆபத்து. பாரம் பூரா முன்சக்கரத்துக்குப் பின்னால இருக்கு. நம்ம ஹாத்காடியில, அதான் கைவண்டியில, பின்னால மூட்டை ஏத்தி எறக்கத்துல விட்டா, கொஞ்சம் கோணினாலும் பின்பக்கம் முன்னால வரப் பாக்குமே, அதே கதை. கடல் காத்து வேற வாலைப் பிடிச்சுத் தள்ளும். கம்பை வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, காலுக்கடியில இருக்க ரெண்டு மிதியையும் மாத்தி மாத்தி அமுக்கி நேராக்கிக்கிட்டே இருக்கணும். "மூக்குல சுத்தற விசிறி நிக்கற வரைக்கும் நீங்க இன்னும் ஆகாசத்துலதான் இருக்கேள்னு நெனச்சுக்கோங்கோ"ன்னு ஐயர் சொல்வார்.

இனி விசயத்துக்கு வாறேன். சிவனாண்டி போனதுக்கு அப்புறம் ஐயர் ஒரு லாரிக் கண்ணாடியை வாங்கி முன்னால கம்பத்துல மாட்டியிருக்கார், பின்சீட்டு ஆள் என்ன செய்றான்னு பாக்க. நான் முதல்முதலா அவர் உதவி இல்லாம எறக்கின அன்னிக்கு மூணு சக்கரமும் ஒண்ணா உக்காந்துச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். உடனே குழாய்ல ஐயர் சத்தம். "யாருக்கு ஓய் ஆசீர்வாதம் பண்றேள்? கீழ போடும் கையை!" அப்பத்தான் பாக்கேன், என் ரெண்டு கையும் மேல நிக்குது. காலும் மிதியில இல்ல. வண்டி வாலைத் தூக்கிக்கிட்டுத் திரும்புது. அவர்தான் முன்னாலேருந்து மிதிச்சு நேராக்கினார்.

நிறுத்தி எறங்கினதும் ஐயர் ஒரு சிகரெட்டைப் பத்த வச்சார். "மிஸ்டர் நயினார், உங்க தம்பியும் இதையேதான் பண்ணிண்டு இருந்திருக்கான். அப்போ கண்ணாடி இல்லே. வண்டி கோணறச்சே எல்லாம் என் காலே சரி பண்ணிண்டு போயிருக்கு, நான் அவனோட பழக்கத்தைப் பாக்கவே இல்லே. தனியா அனுப்பினப்போ என் கால் அங்கே இல்லே"ன்னார். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான். தூக்கக்கூடாது, தூக்கக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே எறங்குறேன், தரை தொட்டதும் தூக்கிடுறேன். எனக்குச் சாகணும்னு ஆசையா? இல்லையே.

யோசிச்சுப் பாத்தேன் பிச்சம்மா. பத்திரமா வந்து சேந்ததும் நம்மையறியாம திருச்செந்தூர் முருகனைக் கும்பிடக் கை போகுது. அவனும் கும்பிட்டிருக்கான். அவ்வளவுதான். நீ எழுதினதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எனக்கு இப்ப தோணுது. ஆறுதலுக்கு எழுதல, பாத்ததைத்தான் எழுதுறேன்.

நயினார்


உடன்குடி,
25-1-1964

அத்தான் அவர்களுக்கு,

கும்பிட்டாகளா? யாரு, உங்க தம்பியா?

பம்பாய்க்கு வந்து கழகத்து ஆளுகளோட சேந்ததுக்கு அப்புறம் அவுக எந்தச் சாமிக்குக் கை எடுத்தாக? கனகவள்ளிக்குத் திருச்செந்தூர்ல முடி எறக்கினப்ப, கோயில் வாசல் வரைக்கும் வந்துட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க மிக்சர் தின்னுக்கிட்டு இருக்கேன்"னு உக்காந்துகிட்டாக. எங்கப்பா ஒரு மாசம் அவுககூடப் பேசல. அப்படிப்பட்ட மனுசன் ஏரோப்ளேன்ல போய் முருகான்னு கும்பிட்டாகன்னு சொன்னா, அவுக ஆவியே சிரிக்கும்.

நீங்க நல்ல மனசோட எழுதியிருக்கீங்க. படிச்சப்ப எனக்கும் ஒரு நாள் முழுக்க நெஞ்சு லேசா இருந்துச்சு, பொய் சொல்லல. மறுநாள் எந்திரிச்சுப் பாத்தா அது நிக்கல. சாமி கும்பிடாத மனுசன் எதுக்குக் கையைத் தூக்கணும்? அப்ப விட்டுட்டாகன்னுதான அர்த்தம்? போதும்னு விட்டுட்டாகளோ? திரும்பவும் அந்தக் கெணத்துக்குள்ளயே போய் விழுந்துட்டேன்.

ஒண்ணு மட்டும் கேக்கேன். உங்க கை எப்படி மேல போகுது? ரெண்டும் ஒட்டியிருக்கா, தனித்தனியா இருக்கா? உள்ளங்கை எந்தப் பக்கம் பாத்திருக்கு? தலைக்கு மேல போகுதா, நெஞ்சுக்கு நேரா நிக்கா? பைத்தியக்காரி கேக்குறான்னு நெனைக்காம அதை மட்டும் பாத்து எழுதுங்க. எனக்கு என்னமோ நெஞ்சுக்குள்ள இடறிக்கிட்டே இருக்கு, என்னன்னுதான் பிடிபடல.

பிச்சம்மாள்


தாராவி, பம்பாய்-17
4-2-1964

பிச்சம்மாளுக்கு நயினார் எழுதிக்கொண்டது.

இதெல்லாம் ஒரு கேள்வியான்னுதான் முதல்ல நெனச்சேன். ஆனா கேட்டுட்ட. என் கையை நான் பாக்குறதில்ல, பாத்தா ஏன் தூக்கப் போறேன்? ஐயர்கிட்ட கேட்டேன். அவர் கண்ணாடியில பாத்த மாதிரி எனக்கு நடிச்சுக் காட்டினார். ரெண்டும் ஒட்டல. நெஞ்சுக்கு நேரா, தனித்தனியா. உள்ளங்கை ரெண்டும் எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியுற மாதிரி. விரலெல்லாம் விரிச்சு. ஒரு வீச்சுல மேல போய் அப்படியே நிக்குதாம். கும்பிடல. நீ சொன்னது சரிதான்.

கம்போட சேத்து மணிக்கட்டைக் கைக்குட்டையால கட்டிப் பாத்தேன். தரை தொட்டதும் கை இழுத்த இழுப்புல மணிக்கட்டு செவந்துட்டு. காலு மிதியை விட்டுச் சம்மணம் போடப் பாக்குது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே ரத்தம், ஒரே வியாதிங்கார் ஐயர். ஆனா விட மாட்டேன்னுட்டேன். இந்த மாசக் கடைசிக்குள்ள தனியா அனுப்பச் சொல்லியிருக்கேன். யோசிக்கார். கை நிக்காம அனுப்ப மாட்டேங்கார். நான் கெஞ்சி ஒத்துக்க வச்சிருவேன். தனியாப் போனாத்தான் அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்.

தராசு முன்னால உக்காந்துதான் இதை எழுதுறேன். செம்பூர் பிரம்மநாயகம் கருப்பட்டிக்கு வந்து நிக்கார், கடை திறந்த நாள்லேருந்து வாடிக்கை அவர். நிறுத்துக் குடுத்துட்டு இதைத் தபால்ல போடணும்.

நயினார்


உடன்குடி,
13-2-1964

அத்தான்,

உங்க காயிதத்தைப் படிச்சேன். படிச்ச மாதிரியே ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தேன். நெஞ்சுக்கு நேரா, தனித்தனியா, உள்ளங்கை வெளிய தெரிய, விரலை விரிச்சு. அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். தூக்கின கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச கை அத்தான் அது.

கல்யாணமான புதுசுல அவுக எங்க வீட்டுக்கு வந்திருந்தாக. எங்கப்பா யாருக்கோ கருப்பட்டி நிறுக்கணும்னு வீட்டுத் தராசை எடுத்தாரு. "குடுங்க மாமா, நான் நிறுக்கேன்"னு வாங்கி நிறுத்தாக. தட்டு உக்காந்துச்சு. ரெண்டு கையும் இப்படி மேல போச்சு. நாங்க எல்லாரும் சிரிச்சுட்டோம். "இங்க என்ன தாராவிக் கூட்டமா நிக்கி, யாருக்குக் காட்டுதீங்க"ன்னு நான் அப்புறமாக் கேட்டேன். அவுக சிரிக்கல. வலதுகை மொளியைக் காட்டினாக. ரெண்டு விரல் மொளி புடைச்சு, கோணலா இருக்கும், உங்களுக்குத் தெரியுமோ என்னமோ.

"எங்கண்ணன் போட்டது. தட்டு உக்காந்த பொறவு கை அதுல ஒட்டிக்கிட்டு இருந்தா, இரும்புக் கோலை எடுத்து மொளியிலயே ஒண்ணு போடுவாரு. வாங்க வந்தவன் கண்ணு முன்னால ரெண்டு கையும் தெரியணும், நயினார் கடையில கள்ள நிறுவைன்னு ஒரு பய வாயைத் திறக்கக்கூடாதும்பாரு. இப்பல்லாம் தட்டு கீழ தொடுறது தெரிஞ்சாலே கை தானா மேல போயிரும் பிச்சு. நான் நெனைக்கிறதுக்கு முந்தியே போயிரும்"னு சொன்னாக.

புரியுதா அத்தான்? தட்டு உக்காந்துட்டு. அதான் கையை எடுத்துட்டாக. உங்க கடையில உக்காந்து படிச்ச பாடத்தை அங்க போய் ஒப்பிச்சிருக்காக. நீங்களும் அதைத்தான் செஞ்சிட்டு இருக்கீங்க. உங்களை யாரு அடிச்சுப் படிக்க வச்சாகளோ, அது எனக்குத் தெரியாது.

அவுக சாகணும்னு நெனைக்கல. நல்லா எறக்கிட்டோம்னு நெனச்சிருக்காக. முகத்துல சிரிப்புகூட இருந்திருக்கும். ஒரு வருசமா எனக்குக் கண்ணீர் வரல அத்தான், கல்லு மாதிரி இருந்தேன். இன்னிக்கு வாய்விட்டு அழுதேன். எங்கப்பா ஓடி வந்து என்ன என்னன்னு கேக்காரு. அவுக என்னைய விட்டுட்டுப் போகலப்பா, விட்டுட்டுப் போகலன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

இதை உங்களைக் குத்திக் காட்ட எழுதலன்னு சொன்னா அது பொய். பேனாவை எடுத்தப்ப குத்தணும்னுதான் இருந்துச்சு. பந்தல்ல என்னைய நிறுத்துன மாதிரி உங்களையும் நிறுத்தணும்னு இருந்துச்சு. எழுதிக்கிட்டே வரும்போது மாசக் கடைசின்னு நீங்க எழுதினது ஞாபகம் வந்துட்டு. அந்தால எல்லாம் போயிட்டு, பயம்தான் இருக்கு. இந்தக் காயிதம் அதுக்கு முந்தி உங்க கையில சேரணும். எக்ஸ்பிரஸ் டெலிவரி போடச் சொல்லி அப்பாவைத் திருச்செந்தூருக்கு அனுப்புதேன்.

கையை எடுக்காதீங்க அத்தான். வண்டி நிக்கிற வரைக்கும் எடுக்காதீங்க.

பிச்சம்மாள்


உடன்குடி,
9-3-1964

அத்தான்,

மாசம் முடிஞ்சு இன்னொரு மாசமும் பாதியாகப் போகுது. உங்ககிட்டேருந்து ஒரு வரி இல்ல. தபால்காரரு தெருவுல நொழஞ்சா வாசலுக்கு ஓடுதேன். தந்தி வந்துருமோன்னு பயமா இருக்கு. அக்காவுக்கு எழுதலாம்னா என்னன்னு எழுத?

என் மேல கோவம்னா கோவம்னு எழுதுங்க. உயிரோட இருக்கேன்னு மட்டும் ஒரு கார்டு போடுங்க.

பிச்சம்மாள்


தாராவி, பம்பாய்-17
17-3-1964

பிச்சம்மாளுக்கு நயினார் எழுதிக்கொண்டது. உயிரோட இருக்கேன்.

உன் காயிதம் நேரத்துக்கு வந்து சேந்துட்டு. கடையில கூட்டம் நிக்கும்போது தபால்காரன் கையெழுத்து வாங்கிக் குடுத்தான். எக்ஸ்பிரஸ்னதும் பிள்ளைக்கு என்னமோன்னு பயந்து அங்கயே பிரிச்சுப் படிச்சேன். மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, நின்னவருக்கு நிறுக்க உக்காந்தேன். தட்டு உக்காந்துச்சு. என் ரெண்டு கையும் என் கண்ணு முன்னாலயே மேல போச்சு. எத்தனை வருசமா இது நடக்கு, நான் ஒரு நாள் பாத்ததில்ல பிச்சம்மா. எதிர்ல நின்னவர் கருப்பட்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் தூக்கின கையை எறக்காம உக்காந்திருந்தேனாம். உங்க அக்கா வந்துதான் எறக்கி விட்டா.

என்னை அடிச்சது எங்க ஐயா, எங்களைப் பெத்தவர். அவன் மொளி புடைச்சிருந்தது எனக்குத் தெரியும். சோத்தைப் பிசையும்போது பாப்பேன். நல்லாத் தொழில் படிச்சிருக்கான்னு எனக்குள்ள பெருமையாத்தான் இருக்கும். அந்த மொளிக்குத்தான் நான் கொள்ளி வச்சேன்.

எழுதாம இருந்தது கோவத்துல இல்ல. என்ன எழுதணும்னு தெரியல. ஐயர்கிட்டச் சொன்னேன். அவர் தலையில கையை வச்சுக்கிட்டுப் புல்லுத் தரையிலேயே உக்காந்துட்டார். தனியாப் போறது வேண்டாம், விட்டுடுங்கோன்னார். நான் கேக்கல. கை நிக்கிறதுக்கு எங்க பழகணும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல? தராசுலயே பழகினேன். கடை சாத்தினதும் உக்காந்து, படிக்கல்லை வச்சு, எதிர்த் தட்டுல கருப்பட்டியை வச்சு, தட்டு உக்காந்த பொறவும் கையை எடுக்காம இருக்கப் பழகினேன். முதல்ல கை துள்ளும். மொளியில வலிக்கும், யாரும் அடிக்காமலே வலிக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நின்னுது.

போன ஞாயித்துக்கிழமை தனியாப் போனேன். முன்சீட்டு காலியா இருக்கிறதால வண்டி லேசாகி, எறங்குவேனான்னு மிதந்துக்கிட்டே போச்சு. பிடிச்சேன். பிடிச்சுக்கிட்டே இருந்தேன். மூணு சக்கரமும் உக்காந்துச்சு. கை துள்ளிச்சு, விடல. காத்து வாலைத் தள்ளுச்சு, கால் மிதிச்சுது. அந்தக் கால்வாய் என் இடது பக்கமா ஓடி வந்துச்சு, அதையும் பாத்தேன். கரைக் கல்லு இன்னும் கரிஞ்சு போய்த்தான் கெடக்கு. அதைத் தாண்டிப் போய் வண்டி நின்னுது. விசிறியும் நின்னுது. ஐயர் ஓடி வந்து எறங்குங்கோ எறங்குங்கோங்கார், எனக்குக் கை வரல. கம்பைப் பிடிச்ச பிடி அப்படியே இருக்கு. ஒவ்வொரு விரலா அவர்தான் பிரிச்சு விட்டார். அப்ப அழுதேன். "ஏலே சிவனாண்டி, இவ்வளவுதாம்லே, இம்புட்டு நேரம் பிடிச்சிருந்தாப் போதும்லே"ன்னு சத்தம் போட்டு அழுதேன். இனி அங்க போக மாட்டேன்.

ஆண்டுத் திவசத்துக்கு நானும் உங்க அக்காவும் வாறோம். டிக்கட் எடுத்தாச்சு. அன்னிக்குப் பந்தல்ல இருந்த அத்தனை பேரையும் கூப்பிடச் சொல்லி உங்கப்பாவுக்கும் எழுதியிருக்கேன். அதே இடத்துல எந்திரிச்சு நின்னு, எந்தம்பி எப்படிச் செத்தான், யாரு சொல்லிக் குடுத்ததால செத்தான்னு சொல்லப் போறேன். நீ கதவுக்குப் பின்னால நிக்கக்கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து என் முன்னால நில்லு. அவ கேக்கும்போது என்ன சொல்லணும்னு கேட்டியே. நான் சொல்றதை அவளும் கேக்கட்டும், புரியுற வயசுல நீ திருப்பிச் சொல்லு.

இன்னொண்ணு. இதை யார்கிட்டயும் சொல்லல, உனக்குத்தான் எழுதுறேன். இன்னிக்குப் பிரம்மநாயகம் வந்திருந்தார். வழக்கம்போல கருப்பட்டி. நிறுத்தேன். தட்டு உக்காந்துச்சு. அவர் தூக்குப்பையை நீட்டல. என் முகத்தைப் பாத்தார், தட்டைப் பாத்தார், பின்னால நின்ன ஆளுகளைப் பாத்தார். அப்புறம் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி மெதுவாச் சொன்னார்.

"அண்ணாச்சி, தட்டுலேருந்து கையை எடுங்க."

எடுக்கத்தான் பாத்தேன் பிச்சம்மா. வரல.

நயினார்